தட்டி இறுக்குவதா, சூட்டில் முதிர்த்துவதா? தங்க நகைக்கு எது பொருந்தும்

தங்கம் விலை ஏற ஏற 18 கேரட் ஆர்டர்கள் கூடிக்கொண்டே போகின்றன. கூடவே பட்டறை நடத்துபவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்வியும் வருகிறது: "எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். மெல்லிசாகச் செய்தால் வளைந்துவிடுகிறது. உலை வாங்கி ஏஜிங் (சூட்டில் முதிர்த்துவது) செய்யலாமா? இல்லை, உருட்டுவதிலும் கம்பி இழுப்பதிலுமே இறுக்கத்தைக் கொண்டுவந்துவிடலாமா?"

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், இரண்டு கடினத்தன்மை எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரியதைக் காட்டுவது. மஞ்சள் 18 கேரட்டில் அந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் முதலில் கேட்பது வேறு: அந்த நகை கடைசியாக எப்போது நெருப்பைப் பார்க்கிறது? பொடி வைத்து ஊதி ஒட்டுப் போடுவதற்கு முன்னால் ஏற்றிய இறுக்கமெல்லாம் டார்ச் பட்ட இடத்தில் போய்விடும். கடைசி ஒட்டுக்குப் பிறகு உங்கள் கைக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

அலாய் (தங்கமும் வேறு உலோகங்களும் சேர்ந்த கலவை) இடம் கொடுக்கிறதா. தட்டினால் எல்லாத் தங்கமும் இறுகும். சூட்டில் முதிர்த்தினால் எல்லாத் தங்கமும் இறுகாது. 22 கேரட்டோடு உலைக்கு முன்னால் நிற்பவர் கரண்ட் பில் மட்டும்தான் கட்டுவார்.

நகையின் வடிவம். கம்பியை இழுக்கலாம், தகட்டை உருட்டலாம். மெழுகிலிருந்து வார்த்தெடுத்த பூ வேலைப்பாட்டை எங்கே வைத்துத் தட்டுவது?

பின்னால் வரும் சூடு. ஒட்டு, மீனா வேலை (நிறக் கண்ணாடிப் பூச்சு), மோதிர அளவு மாற்றம், நாளை வேறொரு கடையில் நடக்கப்போகும் ரிப்பேர் எல்லாம் இதில் சேரும்.

மிச்சமிருக்கும் நெகிழ்வு. இறுகிய தங்கம் குறைவாகத்தான் வளையும். கல் பதிப்பவருக்கு அது தலைவலி.

செலவு. கருவி விலை கண்ணுக்குத் தெரியும். விரிசல் விட்டு உருக்குப் பாத்திரத்துக்குத் திரும்பும் துண்டுகள், மறுபடி மெருகு போடும் நேரம், சேதாரம் இவையெல்லாம் தெரியாது.

இன்னொன்றையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. "வளைகிறது" என்று வாடிக்கையாளர் சொல்வதில் இரண்டு வேறு புகார்கள் இருக்கின்றன. அழுத்தினால் நெளிந்து அப்படியே நின்றுவிடுவது ஒன்று. அழுத்தும்போது தொய்ந்து, விட்டதும் பழைய நிலைக்கு வருவது இன்னொன்று. முதலாவதற்குத்தான் கடினமாக்குவது மருந்து. இரண்டாவது விறைப்பு சம்பந்தப்பட்டது. தட்டினாலும் சரி, உலையில் வைத்தாலும் சரி, விறைப்பு பெரிதாக மாறாது. அது தடிமனையும் வடிவத்தையும் பொறுத்தது. பட்டையின் தடிமன் 1 மில்லிமீட்டரிலிருந்து 1.26 ஆனாலே விறைப்பு இரண்டு மடங்காகும், ஏனென்றால் அது தடிமனின் முப்படியில் ஏறுகிறது. எடை 26 சதவீதம் கூடும், அந்தக் காசு யாருக்கும் பிடிக்காது. ஆனால் அதே எடையில் பட்டைக்கு நடுவே ஒரு மேடு எழுப்பி முதுகு வைத்தாலும் விறைப்பு கிடைக்கும். புகார் தொய்வைப் பற்றியது என்றால் கீழே வரும் இரண்டு வழிகளிலும் பணத்தைப் போட வேண்டாம், டிசைனை மாற்றுங்கள்.

## உள்ளே நடப்பது

தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆரம் 144 பிக்கோமீட்டர். செம்பு 128. அதனால் தங்கத்தில் வெள்ளியைச் சேர்த்தால் அணு அடுக்கு அவ்வளவாக அலுங்காது. செம்பைச் சேர்த்தால் அலுங்கும். ஒரே 916 (22 கேரட்) தங்கத்தில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினால் இறுக்கம் கூடுவது இதனால்தான்.

உலோகம் வளைகிறது என்றால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று அர்த்தம். ஒரே வீச்சில் முழு அடுக்கும் வழுக்குவதில்லை. அடுக்கில் இருக்கும் பிசகுக் கோடுகள் நகர்ந்து நகர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், முதலில் இறுகும், அப்புறம் உடையும். தட்டத் தட்டப் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கி நகர முடியாமல் நின்றுவிடுகின்றன. தட்டி இறுக்குவது என்பது இவ்வளவுதான்.

ஏஜிங்கில் பிசகுகளைப் பெருக்குவதில்லை, அவை போகும் வழியை அடைக்கிறோம். தங்கமும் செம்பும் சேர்ந்த அலாயில், தோராயமாக 410 டிகிரிக்குக் கீழே, அணுக்கள் கண்டபடி கலந்து கிடக்க விரும்புவதில்லை. ஒரு வரிசை தங்கம், அடுத்த வரிசை செம்பு என்று அணிவகுக்கத் தொடங்குகின்றன. இப்படி அணிவகுத்த இடங்களில் படிக அடுக்கு ஒரு திசையில் சுமார் 7 சதவீதம் குறுகிவிடுகிறது. சுற்றியிருக்கும் அடுக்கு அந்த இழுப்பில் கோணிக்கொள்ள, பிசகுகள் அங்கே போய் மாட்டிக்கொள்கின்றன. இந்த அணிவகுப்பை ரஷ்யாவில் குர்னகோவும் உடனிருந்தவர்களும் 1916-இலேயே கண்டு எழுதிவிட்டார்கள்.

18 கேரட்டில் இதற்கு ஒரு அதிர்ஷ்டமான கணக்கு உண்டு. எடையில் முக்கால் பங்கு தங்கம், மீதி முழுக்கச் செம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்க அணு செம்பணுவைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் கனம். ஆக எண்ணிக்கையில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. வரிசைக்கு வரிசை மாற்றி நிற்க இதைவிடப் பொருத்தமான விகிதம் இல்லை. அதனால்தான் சிவப்புத் தங்கம் ஏஜிங்கில் மூர்க்கமாக இறுகுகிறது. வெள்ளியும் செம்பும் பாதிப்பாதி உள்ள மஞ்சள் 18 கேரட் மிதமாக இறுகும். 22 கேரட்டில் அணிவகுக்கப் போதுமான செம்பணுக்களே இல்லை.

ஒரு சுமாரான படம் கிடைக்க இந்த அட்டவணை போதும். எண்கள் விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவில். இளகிய நிலை என்றால் உருகியது அல்ல, சூடு காட்டி மிருதுவாக்கியது. உங்கள் அலாய்க்குத் துல்லியமான எண்ணை, தங்கத்தோடு கலக்கும் மாஸ்டர் அலாய் விற்பவரின் தரவுத்தாளில் பாருங்கள்.

| அலாய் | இளகிய நிலை | நன்றாக உருட்டிய பின் | ஏஜிங்குக்குப் பின் |
|---|---|---|---|
| 24 கேரட் | 30-க்குள் | 50 முதல் 60 | மாற்றமில்லை |
| 22 கேரட் (வெள்ளி 5.5%, செம்பு 2.8%) | 50-ஐ ஒட்டி | 130 முதல் 140 | ஏறக்குறைய மாற்றமில்லை |
| 22 கேரட் (வெள்ளி 3.2%, செம்பு 5.1%) | 70-ஐ ஒட்டி | 140-ஐ ஒட்டி | ஏறக்குறைய மாற்றமில்லை |
| 18 கேரட் மஞ்சள் (வெள்ளி 12.5%, செம்பு 12.5%) | 150-ஐ ஒட்டி | 200-க்கு மேல் | 230-ஐ ஒட்டி |
| 18 கேரட் சிவப்பு (வெள்ளி 4.5%, செம்பு 20.5%) | 165-ஐ ஒட்டி | 230-ஐ ஒட்டி | 250-க்கு மேல் |
| 990 தங்கம் (டைட்டானியம் 1%) | 70 | 120 | 170 |

கடைசி வரிசையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

## வழி ஒன்று: தட்டி, உருட்டி, இழுத்து இறுக்குவது

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. உருட்டு மிஷின், கம்பி இழுக்கும் தட்டு, சுத்தியல், முறுக்க இடுக்கி எல்லாம் எந்தப் பட்டறையிலும் இருக்கும். எந்தக் கேரட்டுக்கும் பொருந்தும். அலாயை மாற்றாமல் 22 கேரட்டில் இறுக்கம் வேண்டுமென்றால் நடைமுறையில் இது ஒன்றுதான் வழி.

வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. கடைசியாகச் சூடு காட்டி இளக்கிய பிறகு எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதுதான் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. 1 மில்லிமீட்டர் கம்பி வேண்டும், சுமார் 30 சதவீதம் குறைத்த இறுக்கம் வேண்டும் என்றால் 1.2 மில்லிமீட்டரில் நிறுத்தி இளக்க வேண்டும். குறுக்குப் பரப்பு 1.44-க்கு 1 என்று குறைவதால் 30 சதவீதம் வந்துவிடுகிறது. 50 சதவீதம் வேண்டுமானால் 1.4-இல் இளக்கலாம். தகட்டுக்கு நேர்க்கணக்குதான்: அரை மில்லிமீட்டர் தகட்டில் 50 சதவீதம் வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டரில் இளக்க வேண்டும். இந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டாமல் "கொஞ்சம் இளக்கிட்டு இழு" என்று சொல்லும் இடங்களில் ஒவ்வொரு கம்பிச் சுருளும் ஒவ்வொரு மாதிரி வருவதில் ஆச்சரியமில்லை.

இறுக்கம் ஏறுவது நேர்கோட்டில் இல்லை. முதல் 10, 20 சதவீதத்தில் வேகமாக ஏறும், அப்புறம் மெதுவாகும். கடைசி ஒட்டுக்குப் பிறகு கொஞ்சமே தட்டினாலும் பலன் இருப்பது இதனால்தான். பழைய ஆசாரிமார் மோதிரத்தையும் வளையலையும் அளவுக்குச் சற்றுச் சிறிதாகச் செய்து, ஒட்டுப் போட்ட பின் உருளையில் மாட்டித் தட்டி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அளவு சரியாக வருவது ஒரு பக்கம். நெருப்பில் இளகிப்போன ஒட்டுப் பகுதி தட்டுப் பட்டு மறுபடி இறுகுவதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. மரை வெட்டாத காதுத் தண்டை ஒட்டிய பிறகு இடுக்கியில் பிடித்து ஒரு சுற்று முறுக்கிவிடுவதும் இதே வேலைதான். ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்றால் முறுக்கும்போதே பெயர்ந்து வந்துவிடும், சோதனையும் ஆயிற்று.

இனி மறைவான செலவுகள். இறுக்கம் எங்கும் ஒரே சீராக இருக்காது. சுத்தியல் பட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் வேறு மாதிரி. அளவு மீறிப் போனால் ஓரங்களில் விரிசல் விடும். அந்தத் துண்டை உருக்கித் திரும்பத் தகடாக்குவதில் போகும் நேரத்தை யாரும் பில்லில் எழுதுவதில்லை. வார்ப்பு நகையைத் தட்ட முடியாது. ஸ்டீல் குண்டு போட்டுச் சுழலும் மெருகு மிஷினில் (டம்ளர்) சுற்றவிட்டால் இறுகும் என்று சிலர் நம்புகிறார்கள். மேல்தோல் மட்டும் இறுகும், கீறல் குறையும், மெருகு நன்றாக வரும். மோதிரம் நெளிவதை அது தடுக்காது.

இன்னொரு செலவு, உள்ளே தங்கிவிடும் இழுவிசை. 18 கேரட்டுக்கு மேல் மஞ்சள் தங்கத்தில் இது பெரிய கவலையில்லை. 2025-இல் ஹால்மார்க் வரம்புக்குள் 9 கேரட்டும் வந்துவிட்டதால், தட்டி இறுக்கிய 9 கேரட் நகைகளும் இனி பெட்டிக்கடை வரை வரும். தங்கம் குறைந்த அலாயில் உள்ளிழுவிசையும் நீச்சல்குளத்துக் குளோரினும் சேர்ந்தால் மாதங்கள் கழித்துக்கூட விரிசல் விழும். கல்லைப் பிடித்திருக்கும் நகம் ஒன்று தானாக ஒடிந்தது என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். 250 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் இறுக்கம் பெரிதாகப் போகாமல் இழுவிசை மட்டும் தளரும். அதற்கு ஒரு உலை வேண்டும் என்பது வேறு விஷயம்.

இதுவே சிறந்தது: காதுக் கம்பி, ஊசி, கொக்கி நாக்கு, சங்கிலி வளையம், தகட்டு வேலை, 22 கேரட்டில் ஏறக்குறைய எல்லாமும்.

## வழி இரண்டு: சூட்டில் முதிர்த்துவது

வேலை மூன்று படி. 18 கேரட் மஞ்சளை 650 டிகிரி வாக்கில் அரை மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று போடுவது முதல் படி. கலந்து கிடந்த அணுக்கள் அணிவகுக்க நேரம் கிடைக்காமல் அப்படியே உறைகின்றன. தங்கம் மிருதுவாக இருக்கும். இந்த நிலையில் வேலை எல்லாவற்றையும் முடிப்பது இரண்டாவது. கடைசியில் 280 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வாக்கில் வைத்து எடுப்பது மூன்றாவது.

ஒட்டுப் பொடி 700 டிகிரி பக்கத்தில்தான் உருகும் என்பதால் 300 டிகிரி ஒட்டை ஒன்றும் செய்யாது. இங்கேதான் ஏஜிங்கின் உண்மையான பலம். எல்லா ஒட்டும் முடிந்த பிறகு, முழு நகையையும், உள்ளும் புறமும், பூவும் தண்டும் சேர்த்து ஒரே சீராக இறுக்க முடிகிற வழி இது. டார்ச் பட்டு இளகிய பகுதியும் கூடவே இறுகிவிடும். மரை வெட்டிய திருகாணித் தண்டை முறுக்க முடியாது, தட்டவும் முடியாது. ஒட்டும்போது கட்டாயம் இளகிப்போகும். 18 கேரட்டில் அதைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பல் மருத்துவத்தில் தங்க அலாய்களுக்கு இதே வேலை வெகுகாலமாக நடக்கிறது. 700 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துத் தண்ணீரில் போட்டு இளக்குவார்கள், வாய்க்கு ஏற்றபடி சரிசெய்வார்கள், அப்புறம் 450 டிகிரியிலிருந்து 250-க்கு அரை மணி நேரத்தில் மெதுவாக இறக்கி இறுக்குவார்கள்.

செலவு என்று பார்த்தால், வார்ப்புப் பட்டறைகளில் மெழுகை எரித்து வெளியேற்றும் உலை ஏற்கனவே இருக்கும். "அதிலேயே வைத்தால் போச்சு" என்று தோன்றும். அந்த உலைகள் 700 டிகிரியில் ஒழுங்காக நிற்கும்படி செய்யப்பட்டவை. 300-இல் அவற்றின் முள் மேலும் கீழும் அலையும். கதவோரம் ஒரு சூடு, சுருளோரம் வேறு சூடு. ஏஜிங்குக்கு இது நஞ்சு. சூடு குறைந்தால் அணிவகுப்பு தொடங்கவே நேரம் பிடிக்கும். 350-ஐத் தாண்டி நீண்ட நேரம் கிடந்தால் அணிவகுத்த பகுதிகள் பெருத்து, எண்ணிக்கை குறைந்து, ஏறிய இறுக்கம் இறங்கத் தொடங்கும். அதனால் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் முனையை உலைச் சுவருக்குப் பக்கத்தில் விடாமல் நகை இருக்கும் தட்டிலேயே வையுங்கள். ஒவ்வொரு சூளையோடும் அதே அலாயில் ஒரு சாட்சித் துண்டைப் போடுங்கள், 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு விரல் நீளம் போதும். கடினத்தன்மை அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஏஜ் செய்யாத துண்டையும் செய்த துண்டையும் கையால் வளைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

செம்பு உள்ள அலாய் காற்றில் 300 டிகிரியிலும் லேசாகக் கறுக்கும். ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயு ஓட்டினால் குறையும். இல்லையென்றால் அமிலத்தில் போட்டு எடுத்து மறுபடி மெருகு. அந்த மெருகில் உதிரும் பொடி உங்கள் சேதாரக் கணக்கில்தான் ஏறும்.

கல் பதித்த நகை என்றால் நிதானம் வேண்டும். வைரம், சுத்தமான கெம்பு, நீலம் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆற்றினால் தாங்கும். கண்ணாடி நிரப்பிய கெம்பு, எண்ணெய் ஊட்டிய மரகதம், ஓப்பல், டர்க்காய்ஸ், முத்து, பவளம் எதுவும் தாங்காது. நவரத்தின மோதிரத்தைக் கல்லோடு உலையில் வைக்க நினைப்பவர் முத்து, பவளம், மரகதம் மூன்றுக்கும் ஒரேயடியாக விடைகொடுத்துவிடலாம். சரி, முதலில் ஏஜ் செய்துவிட்டுக் கல் பதிக்கலாமே என்றால், இறுகிய நகங்கள் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும். கல் பதிப்பவர் கூடுதல் அழுத்தம் கொடுப்பார், கல் ஓரம் உடையும். சிவப்புத் தங்கத்தில் நகமே ஒடியும்.

சிவப்பு 18 கேரட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இதில் ஏஜிங் நீங்கள் கேட்காமலேயே நடக்கும். இளக்குவதற்காகச் சூடு காட்டி, மேஜை மேல் வைத்துத் தானாக ஆறவிட்டால், 400 டிகிரிக்குக் கீழே இறங்கும் வழியிலேயே இறுகிவிடும். அடுத்த முறை உருட்டு மிஷினில் விடும்போது தகடு பிளக்கும். "இளக்கித்தான் உருட்டினேன், ஏன் வெடித்தது?" என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். சிவப்புத் தங்கத்தை 500 டிகிரிக்கு மேலிருந்தே தண்ணீரில் போட வேண்டும்.

இதுவே சிறந்தது: 18 கேரட் வார்ப்பு மோதிரம், நிறைய ஒட்டு உள்ள நகை, திருகாணித் தண்டு, ஒரே டிசைனில் பெரிய அளவில் செய்யும் ஆர்டர்.

## வழி மூன்று: தட்டிய பின் முதிர்த்துவது

இரண்டையும் செய்தால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். தட்டியதால் பெருகிய பிசகுகள், அணிவகுப்பு தொடங்க வசதியான இடங்களைக் கொடுக்கின்றன. அதனால் தட்டிய 18 கேரட் இளகிய துண்டைவிடச் சீக்கிரமே உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் அதே சூட்டில் சிக்கியிருந்த பிசகுகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடவும் செய்கின்றன. ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் இறங்குகிறது. கையில் கிடைப்பது மீதி. தட்டிய பொருளை இளகிய பொருளுக்கான நேரத்துக்கே உலையில் விட்டால் உச்சத்தைத் தாண்டிப் போய்விட வாய்ப்புண்டு. சாட்சித் துண்டை வைத்து நேரத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் செய்ய வேண்டும்? கொக்கி நாக்கு மாதிரித் தினமும் அமுங்கி எழும் பாகங்களுக்கு. உருட்டிய தகட்டில் வெட்டி, வளைத்து, கடைசியில் குறைந்த சூட்டில் முதிர்த்தினால் இறுக்கமும் நிற்கிறது, உள்ளிழுவிசையும் தளர்கிறது. நாக்கு நெடுநாள் படுத்துவிடாமல் எழும்.

இந்தக் கூட்டணி பெரிதாகப் பலன் தருவது 18 கேரட்டில் அல்ல, அட்டவணையின் கடைசியில் இருக்கும் 990 தங்கத்தில். 1 சதவீதம் டைட்டானியம் மட்டும் சேர்த்த இந்த அலாயை 800 டிகிரியிலிருந்து தண்ணீரில் போட்டு, 500 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் 70-இலிருந்து 170-க்கு வரும். உருட்டிவிட்டு முதிர்த்தினால் 240 வரை போகும். 99 சதவீதத் தங்கம் 18 கேரட் அளவுக்கு இறுகுகிறது. பிறகு ஏன் கடைத்தெருவில் அது நிறைந்து கிடக்கவில்லை? டைட்டானியம் காற்றைக் கண்டால் ஆக்சைடாகிவிடும். வெற்றிடத்திலோ ஆர்கானிலோ உருக்க வேண்டும். கழிவுத் துண்டுகளைச் சாதாரணமாக மறுபடி உருக்கினால் டைட்டானியம் எரிந்துபோய் வெறும் மிருதுத் தங்கம்தான் மிஞ்சும். கழிவை அன்றன்றே உருக்கிப் பயன்படுத்திக்கொள்ளும் நம் பட்டறைக்கு இது சரிப்படாது.

## இரண்டும் வேண்டாம், அலாயை மாற்றலாமே?

22 கேரட்டில் இதை முதலில் யோசிக்கச் சொல்வேன். 916 மாறாமல் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினால், இளகிய நிலையிலேயே 50-ஐ ஒட்டி இருந்தது 70-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. சூடு காட்டினாலும் இது போகாது, ஒட்டுப் போட்டாலும் போகாது. இதற்குக் கொடுக்கும் விலை: நிறம் சிவப்புச் சாயல் அடிக்கும். மஞ்சள் பூத்த தங்கம்தான் தங்கம் என்று நினைக்கும் வாடிக்கையாளரிடம் இதை விற்பது வேறு சாமர்த்தியம்.

லேசர் வெல்டிங்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். டார்ச் மாதிரி அது நகை முழுவதையும் சூடாக்காது. ஒட்டும் புள்ளியைச் சுற்றி மயிரிழை அளவு இடம் மட்டும் இளகும். தட்டி இறுக்கிய 22 கேரட் கம்பியை இறுக்கம் போகாமல் ஒட்ட இதுவே வழி. மிஷின் விலை சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஜாப் வொர்க்காகச் செய்து தருபவர் ஊரில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

## நகை வாரியாக

*22 கேரட் தகட்டு வளையல்.* தட்டி இறுக்குவதுதான். ஒட்டை முதலில் முடித்து, உருளையில் தட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். உலை வாங்கும் பணத்தில் நல்ல உருட்டு மிஷின் வாங்கலாம்.

*18 கேரட் மஞ்சள் வார்ப்பு மோதிரம், வைரம் பதித்தது.* கல் பதித்து முடித்துவிட்டு, மெதுவான சூட்டில் ஏஜிங். வைரத்தில் விரிசல் நிரப்பல் இல்லை என்று சான்றிதழில் பார்த்துவிட்டுத்தான்.

*18 கேரட் முத்து, பவள நகை.* கம்பியாகவோ தகடாகவோ இருக்கும் பாகங்களை இழுத்து இறுக்குங்கள். வார்ப்பு என்றால், கல் பிடிக்கும் பாகம் ஒட்டுப் பசையில் நிற்கும் டிசைனாக இருந்தால் முதலில் ஏஜ் செய்துவிட்டு முத்தை ஒட்டலாம். நகம் மடக்கும் டிசைன் என்றால் 150 விக்கர்ஸோடு திருப்திப்பட வேண்டியதுதான். அது ஒன்றும் மோசமில்லை.

*மீனா வேலை செய்த நகை.* மீனா உருக 700, 800 டிகிரி வேண்டும். அதற்கு முன் தட்டியது அத்தனையும் வீண். மீனாவுக்குப் பிறகு தட்டினால் கண்ணாடி உதிரும். 22 கேரட் என்றால் தடிமன், அலாய் மாற்றம் இரண்டைத் தவிர வழியில்லை.

*18 கேரட் வெள்ளைத் தங்கம்.* நிக்கல் கலந்தது இளகிய நிலையிலேயே கடினம். இரண்டு வழியும் பெரும்பாலும் தேவைப்படாது. அதை அளவுக்கு மேல் தட்டி உடனே சூடு காட்டினால் வெடிக்கும்.

*சிவப்பு 18 கேரட் மோதிரம்.* ஏஜிங் அருமையாக வேலை செய்யும். ஆனால் மோதிரம் என்றால் அளவு மாற்றக் கேட்டு வருவார்கள். ஏஜ் செய்த சிவப்பு மோதிரத்தை அப்படியே உருளையில் போட்டுப் பெரிதாக்கினால் ஒட்டோரம் பிளக்கும். முதலில் இளக்க வேண்டும், தண்ணீரில் போட வேண்டும், அளவு மாற்றி, மறுபடி ஏஜ் செய்ய வேண்டும். அந்த வாடிக்கையாளர் உங்களிடமே வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேறு ஊரில் ஒருவர் டார்ச் காட்டி அளவு மாற்றினால் அந்தப் பாதி மட்டும் இளகியிருக்கும், ஆறு மாதத்தில் மோதிரம் முட்டை வடிவமாகும், புகார் உங்கள் கடைக்கு வரும். பில்லில் "சூட்டில் இறுக்கியது, அளவு மாற்ற எங்களிடம் கொண்டுவரவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படியே அலாயின் வெள்ளி, செம்பு சதவீதத்தையும், வைத்த சூட்டையும் நேரத்தையும் உங்கள் ஆர்டர் நோட்டில் அந்த நகையின் ஹெச்.யூ.ஐ.டி. எண்ணுக்கு (ஹால்மார்க் அடையாள எண்) எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.